துப்பாக்கி எவ்வளவு உதைக்கும்? இயக்க விதிகளுக்கு ஒரு வகுப்பறைக் கணக்கு

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் 'இயக்க விதிகள்'. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நாம் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டுகள் தெரிந்தவைதான். பறவை சிறகால் காற்றைத் தள்ளுகிறது. நீச்சல் வீரர் நீரைப் பின்னே தள்ளுகிறார். துப்பாக்கி குண்டை முன்னே தள்ளி, தான் பின்னே வருகிறது. இந்த மூன்றாவது எடுத்துக்காட்டை நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்து வந்திருக்கிறேன். 2024 ஆகஸ்ட் மாதம் என் வகுப்பு என்னை அங்கேயே நிறுத்தி வைத்தது.

பாரிஸ் ஒலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருந்த நேரம். ஜூலை 28 அன்று மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு இரட்டையர் பிரிவில் இன்னொரு வெண்கலம். அந்தக் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்திருந்த ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "மிஸ், சினிமாவுல துப்பாக்கி சுட்டா கை மேல எகிறுது. இவங்க ஒத்தக் கையில புடிச்சுச் சுடுறாங்க. கை அசையவே இல்லையே? மூணாம் விதி இவங்களுக்குக் கிடையாதா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என்.சி.சி.யில் இருக்கும் மாணவி ஒருத்தியைப் பார்த்து, "நீதான் சுட்டிருப்பியே, சொல்லும்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

காரணத்தை என்.சி.சி. பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் ஓய்வறையில் சொன்னார். முந்தைய ஆண்டு முகாமில் அவள் முறை வருவதற்கு முன், "தோள்பட்டை எறங்கிடும், பாத்துக்கோ" என்று உடனிருந்த பையன்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு முறை சுட்டுவிட்டு, மீதித் தோட்டாக்களைச் சுடாமலே எழுந்து வந்துவிட்டாள். "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று யாரோ சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. காவல் துறையில் சேர வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

ஒரு மாணவனின் ஐயமும் ஒரு மாணவியின் பயமும் ஒரே கணக்கில் தீரக்கூடியவை என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நான்கு பாடவேளைகளில் நாங்கள் செய்ததை ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய கணக்கும் உண்மையான எண்களும்

உந்த அழிவின்மை விதிக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் கணக்கு இது: 2 கி.கி. நிறையுள்ள கைத்துப்பாக்கியிலிருந்து 20 கிராம் குண்டு 150 மீ/வி திசைவேகத்தில் வெளியேறுகிறது. துப்பாக்கியின் பின்னியக்கத் திசைவேகம் என்ன? விடை 1.5 மீ/வி. மாணவர்கள் பெருக்கி வகுத்துவிடுவார்கள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த 1.5 மீ/வி அதிகமா, குறைவா, கையில் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாம் தேர்ந்தெடுத்த எண்கள் அவை. வழக்கத்தில் உள்ள கைத்துப்பாக்கிகளின் நிறை பெரும்பாலும் அரை கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் இடையில்தான் இருக்கும்.

எனவே இம்முறை உண்மையான எண்களை எடுத்துக்கொண்டோம். அதற்கு முன் ஒரு சொல்லை விளக்க வேண்டியிருந்தது.

'கேலிபர்' என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம், அல்லது அதில் செல்லும் குண்டின் விட்டம், கேலிபர் எனப்படும். இதை இரண்டு அலகுகளில் சொல்கிறார்கள். 9 மி.மீ. என்பது மெட்ரிக் அளவு. '.22' என்பது அங்குல அளவு. 0.22 அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.6 மி.மீ. கிடைக்கும். '.45' என்பது 11.4 மி.மீ. முதல் பத்து நிமிடம் இந்த அலகு மாற்றத்தையே பயிற்சியாக வைத்துக்கொண்டேன்.

பிறகு வகுப்பிடம் கேட்டேன்: "கேலிபர் எண் பெரிசானா உதைப்பும் பெரிசா இருக்குமா?" எல்லோரும் ஒரே குரலில் "ஆமா மிஸ்" என்றார்கள். அந்த விடையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு அட்டவணைக்குச் சென்றோம்.

ஆறு கைத்துப்பாக்கிகள்

கீழே உள்ள முதல் மூன்று எண்களும் துப்பாக்கியின் நிறையும் பொதுவாக வழக்கத்தில் உள்ள தோராய மதிப்புகள். தயாரிப்புக்கு ஏற்ப சற்றுக் கூடும், குறையும். கடைசி இரண்டு நிரல்களை மாணவர்களே கணக்கிட்டார்கள்.

| வகை | குண்டின் நிறை (கிராம்) | திசைவேகம் (மீ/வி) | உந்தம் (கி.கி. மீ/வி) | துப்பாக்கியின் நிறை (கி.கி.) | பின்னியக்கத் திசைவேகம் (மீ/வி) | பின்னியக்க ஆற்றல் (ஜூல்) |
|---|---|---|---|---|---|---|
| ஏர் பிஸ்டல், 4.5 மி.மீ. | 0.5 | 150 | 0.075 | 1.0 | 0.075 | 0.003 |
| .22 விளையாட்டுப் பிஸ்டல் | 2.6 | 300 | 0.78 | 1.2 | 0.65 | 0.25 |
| .32 எடைகுறைந்த ரிவால்வர் | 6.4 | 220 | 1.4 | 0.5 | 2.8 | 2 |
| 9 மி.மீ. பிஸ்டல் | 8 | 350 | 2.8 | 0.9 | 3.1 | 4.4 |
| .45 பிஸ்டல் | 15 | 250 | 3.75 | 1.1 | 3.4 | 6.4 |
| .44 மேக்னம் ரிவால்வர் | 15.5 | 430 | 6.7 | 1.3 | 5.1 | 17 |

கணக்கிடும் முறை எளிது. சுடுவதற்கு முன் மொத்த உந்தம் சுழி. எனவே சுட்ட பின் குண்டின் உந்தமும் துப்பாக்கியின் உந்தமும் சமமாகவும் எதிரெதிர்த் திசையிலும் இருக்க வேண்டும். குண்டின் உந்தத்தைத் துப்பாக்கியின் நிறையால் வகுத்தால் பின்னியக்கத் திசைவேகம். பாதி நிறையைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல்.

ஜூல் என்றால் மாணவர்களுக்கு உணர்வு வருவதில்லை. எனவே ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அளவுகோலாக வைத்தோம். ஒரு கிலோ பொருள் 10 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 1 ஜூல். அப்படியானால் ஏர் பிஸ்டலின் உதைப்பு, அந்தப் பாக்கெட் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்திலிருந்து கையில் விழுவதற்குச் சமம். .22 பிஸ்டல் இரண்டரை செ.மீ. 9 மி.மீ. பிஸ்டல் 44 செ.மீ. .44 மேக்னம் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். மேசைமேல் ஒரு துணிமூட்டையை வைத்து, இந்த உயரங்களிலிருந்து பாக்கெட்டைப் போட்டுக் காட்டினேன். கடைசி உயரத்துக்கு நாற்காலியில் ஏற வேண்டியிருந்தது.

முதலில் கேள்வி கேட்ட மாணவன் தானாகவே சொன்னான்: "மூணாம் விதி இருக்கு மிஸ். ஆனா உதைப்பு உப்பளவுதான்."

அட்டவணை சொன்ன நான்கு செய்திகள்

ஒன்று. கேலிபர் எண் மட்டும் உதைப்பைத் தீர்மானிப்பதில்லை. .45 ஐவிட .44 சிறிய எண். ஆனால் .44 மேக்னத்தின் பின்னியக்க ஆற்றல் இரண்டரை மடங்குக்கும் மேல். குண்டுகளின் நிறை கிட்டத்தட்ட ஒன்றே. திசைவேகம்தான் வேறு. இதைவிடத் தெளிவான சான்று .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற இரண்டு தோட்டாக்கள். பெயர்கள் வேறானாலும் இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே, ஏறத்தாழ 9.1 மி.மீ. .357 மேக்னத்துக்கான ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் சுட முடியும். 10 கிராம் குண்டை முதலாவது ஏறத்தாழ 240 மீ/வி வேகத்திலும், இரண்டாவது 380 மீ/வி வேகத்திலும் செலுத்தும். உந்தங்கள் 2.4, 3.8. ஒரே கை, ஒரே துப்பாக்கி, ஒரே விட்டம். உதைப்பு மட்டும் வேறு. கரும்பலகை ஓரத்தில் எழுதியிருந்த "ஆமா" என்ற விடையை ஒரு மாணவி வந்து அழித்தாள்.

இரண்டு. எடை குறைந்தால் உதைப்பு கூடும். கான்பூரில் உள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை 2014 இல் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, டைட்டானியம் கலப்பு உலோகத்தில் 500 கிராம் எடையில் செய்யப்பட்டது. தூக்குவதற்கு எளிது என்பது உண்மை. ஆனால் அதே தோட்டாவை 1 கி.கி. துப்பாக்கியில் சுட்டால் பின்னியக்கத் திசைவேகம் 2.8 இலிருந்து 1.4 ஆகவும், ஆற்றல் 2 ஜூலிலிருந்து 1 ஜூலாகவும் பாதியாகக் குறைந்துவிடும். 'இலேசானது, எனவே மென்மையானது' என்று நம் மனம் போடும் கணக்கு இங்கே தலைகீழ். ஒலிம்பிக் வீரர்களின் பிஸ்டல்கள் கனமாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுவே. ஏர் பிஸ்டலுக்கு 1,500 கிராம் வரையும், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,400 கிராம் வரையும் விதிகள் அனுமதிக்கின்றன.

மூன்று. உந்தமும் ஆற்றலும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. ஏர் பிஸ்டலைவிட 9 மி.மீ. குண்டின் உந்தம் 37 மடங்கு. பின்னியக்க ஆற்றலோ ஏறத்தாழ 1,500 மடங்கு. 'வர்க்கம்' என்ற சொல்லின் வலிமையை மாணவர்கள் இங்கே கண்ணால் பார்த்தார்கள்.

நான்கு. சினிமாவில் குண்டடி பட்டவர் பத்தடி தூரம் பறந்து விழுவது நடக்காத காரியம். 9 மி.மீ. குண்டின் உந்தம் 2.8. அது முழுவதும் 56 கி.கி. நிறையுள்ள ஒருவரிடம் சேர்ந்தாலும் அவர் பெறும் திசைவேகம் நொடிக்கு 5 செ.மீ. தான். குண்டு ஒருவரைத் தூக்கி எறியும் என்றால், சுட்டவரையும் அது தூக்கி எறிந்திருக்க வேண்டும். மூன்றாம் விதியை இவ்வளவு தெளிவாக நான் இதற்கு முன் சொன்னதில்லை.

செயல்பாடு 1: பலகையும் ரப்பர் வளையமும்

இரண்டாம் பாடவேளையில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு சிறிய பலகையில் முக்கோணமாக மூன்று ஆணிகள். முன்னிரண்டு ஆணிகளில் ரப்பர் வளையத்தை மாட்டிப் பின்னே இழுத்து, மூன்றாம் ஆணியோடு நூலால் கட்டினோம். ரப்பரின் வளைவில் ஓர் இரும்பு நட்டு. பலகையின் அடியில் உருளும் பென்சில்கள். நூலை ஊதுபத்தியால் தொட்டால் அது அறுந்து நட்டு முன்னே பாயும், பலகை பின்னே உருளும். கத்தரிக்கோலால் வெட்டினால் கை பலகையைத் தள்ளிவிடும். எனவே ஊதுபத்தியே நல்லது. அதை ஆசிரியரே பிடிக்க வேண்டும். நட்டு பாயும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. முன்னால் ஒரு அட்டைப்பெட்டியைத் தடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நட்டு, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் பலகை கூடுதல் தூரம் பின்வாங்கும். அடுத்து, மூன்று நட்டுகளோடு பலகையின்மேல் ஒரு செங்கல் துண்டை வைத்துப் பாருங்கள். தூரம் குறையும். 'கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும்' என்பதை மாணவர்கள் தாங்களே சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. நட்டுகளை இரட்டிப்பாக்கினால் உதைப்பு இரட்டிப்பாகாது. ரப்பரில் சேரும் ஆற்றல் ஒரே அளவுதான் என்பதால் நட்டு கனமானால் அதன் வேகம் குறைகிறது. ஆனாலும் உந்தம் கூடுகிறது. நல்ல மாணவர்கள் இதைக் கேட்பார்கள். நாம் தயாராக இருக்க வேண்டும்.

ஒரே எண், வேறு வேறு உணர்வு

மூன்றாம் பாடவேளைக்கு என் பழைய மாணவி ஒருவரை அழைத்திருந்தேன். இப்போது காவலராகப் பணியாற்றுகிறார். சீருடையில் வந்தார். ஆயுதம் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். இந்தியப் படைகளிலும் காவல் துறையிலும் நெடுங்காலமாகப் பயன்படும் 9 மி.மீ. பிஸ்டல் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படுவது. அதைச் சுட்டுப் பழகியவர் அவர்.

"கை வலிக்குமாக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "மொத நாளு வலிச்சுது. அது உதைச்சதால இல்ல, நான் புடிச்ச புடி சரியில்ல. சரியாப் புடிக்கக் கத்துக்கிட்டப்புறம் அதே துப்பாக்கி, அதே தோட்டா, வலி இல்ல" என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நம் பாடப்புத்தகத்தில் வெவ்வேறு இடங்களில் இருப்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

நேரம்: உந்த மாற்றம் ஒன்றே என்றாலும் அது நிகழும் நேரம் நீண்டால் விசை குறையும். இது கணத்தாக்குப் பாடம். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னே இழுப்பதும் இதற்காகத்தான். பிஸ்டலின் மேல்பகுதி பின்னே நகர்ந்து உள்ளே உள்ள சுருள்வில்லை அமுக்குகிறது. அதனால் உதைப்பு சற்று நீண்ட நேரத்துக்குப் பரவிக் கையை அடைகிறது. ரிவால்வரில் இந்த ஏற்பாடு இல்லை.

உயரம்: குழல் கைக்கு மேலே இருப்பதால் உதைப்பு பின்னே தள்ளுவதோடு நிற்காமல் மூக்கை மேலே தூக்குகிறது. விசையின் திருப்புத்திறன் இது. விசையையும் செங்குத்துத் தொலைவையும் பெருக்க வேண்டும். பிடியில் எவ்வளவு மேலே பிடிக்கிறோமோ அவ்வளவு தொலைவு குறையும், மூக்கும் குறைவாக எழும். கரும்பலகைத் துடைப்பானை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, முதலில் கைக்கு அருகிலும் பிறகு உச்சியிலும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் மணிக்கட்டு வேறுபாட்டை உணரும்.

பரப்பு: பிடி அகலமாகவும் உள்ளங்கைக்குப் பொருந்தியும் இருந்தால் விசை அதிகப் பரப்பில் பரவி அழுத்தம் குறையும். எட்டாம் வகுப்பு 'விசையும் அழுத்தமும்' பாடம். விளையாட்டுப் பிஸ்டல்களின் மரப்பிடியை வீரரின் கைக்கேற்பச் செதுக்கி அமைப்பதில் இதுவும் அடங்கும்.

வாயு: குண்டோடு எரிந்த வெடிமருந்தின் வாயுவும் வெளியேறுகிறது. அதற்கும் உந்தம் உண்டு. நம் அட்டவணையில் அதை விட்டுவிட்டோம். எனவே உண்மையான உதைப்பு நம் விடையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மருந்து அதிகம் உள்ள மேக்னம் வகைகளில் இந்த வேறுபாடும் அதிகம். வழக்கமான கணக்குகளில் நாம் சொல்லாமல் விடும் செய்தி இது.

ஒலி: வெடிமருந்துத் துப்பாக்கிகளின் ஒலி பொதுவாக 140 டெசிபலைத் தாண்டும். காதுக் கவசம் இல்லாமல் கேட்டால் செவிக்கு நிலையான பாதிப்பு ஏற்படலாம். "உதைப்புன்னு நாம பயப்படுறதுல பாதி சத்தந்தான். காதுக் கவசம் போட்டுக்கிட்டா பயம் பாதி கொறஞ்சிடும்" என்றார் காவலர்.

செயல்பாடு 2: பலூனும் நேர்க்கோடும்

பிறகு அவர் சொன்னதுதான் வகுப்பை அமைதியாக்கியது. "நான் முதல் முறை சுட்டப்ப குறி தப்புச்சு. துப்பாக்கி உதைச்சதாலன்னு நெனச்சேன். பயிற்சியாளர் எனக்குத் தெரியாம தோட்டா இல்லாமக் குடுத்தாரு. ட்ரிக்கரை அமுக்கினேன். வெடிக்கல. ஆனா என் கை தானாக் கீழ குதிச்சுது. உதைக்காத துப்பாக்கிக்கு நான் பயந்து ஆடியிருக்கேன்."

இதைக் கணக்காக எழுதினோம். 9 மி.மீ. பிஸ்டலில் குண்டு குழலுக்குள் ஏறத்தாழ 10 செ.மீ. முன்னே போகிறது என்று கொள்வோம். அதற்குள் துப்பாக்கி எவ்வளவு பின்னே வந்திருக்கும்? நிறைகளின் விகிதத்தில் பார்த்தால் 10 × 8 ÷ 900, அதாவது 0.09 செ.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நேரமோ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கை மேலே எழுவதை நாம் பார்க்கும்போது குண்டு போய்ச் சேர்ந்திருக்கும். குறியைப் பெரிதும் கெடுப்பது உதைப்பு அல்ல, உதைக்கப்போகிறது என்று எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே செய்யும் அசைவு.

இதை வகுப்பறையில் காட்ட ஒரு வழி உண்டு. மாணவர்களை அளவுகோல் இல்லாமல் மெதுவாக ஒரு நேர்க்கோடு வரையச் சொல்லுங்கள். சொல்லாமல் ஒரு பலூனை உடையுங்கள். ஒலிக்குப் பின் கோடு துள்ளும். அனிச்சைச் செயல். இப்போது, "மறுபடியும் உடைக்கப் போறேன்" என்று சொல்லி, ஊசியைப் பலூனுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துங்கள். உடைக்காதீர்கள். தாள்களை வாங்கிப் பாருங்கள். எதுவும் உடையாதபோதும் பலரின் கோடு நடுங்கியிருக்கும். என் வகுப்பில் அதிகம் நடுங்கிய கோடுகளில் ஒன்று, "தோள்பட்டை எறங்கிடும்" என்று சொன்ன பையன்களில் ஒருவனுடையது. அவனே அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அந்த மாணவியும் சிரித்தாள். பலூன் ஒலிக்கு அதிகம் அஞ்சும் மாணவர்கள் இருந்தால் அவர்களைப் பதிவு எடுப்பவர்களாக வெளியே அமர வைத்துவிடுங்கள்.

கணக்குப் போட முடியாத துப்பாக்கி

மலையோரக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவன் கடைசியில் கேட்டான்: "எங்க ஊருப் பக்கம் ஒருத்தருக்கு நாட்டுத் துப்பாக்கி உதைச்சுக் கையில காயம் மிஸ். அதுக்கும் கணக்குப் போடலாமா?"

எங்கள் மாவட்டத்தில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல் துறையும் வனத் துறையும் அவ்வப்போது அறிவிப்பதை நாம் அறிவோம். நான் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன். உள்ளே போகும் இரும்புத் துண்டுகளின் நிறை என்ன? வேகம் என்ன? மருந்தின் அளவு என்ன? "கையால அள்ளிப் போடுவாங்க மிஸ்" என்றான். அப்படியானால் மூன்றுமே தெரியாது. குழல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதும் தெரியாது. தொழிற்சாலைத் தோட்டாவில் ஒவ்வொரு எண்ணும் அளந்து வைத்தது. இங்கே ஒரு எண்ணும் இல்லை. உந்தம் பின்னே வருவது மட்டும் உறுதி. குழல் வெடித்தால் இரும்பே பின்னே வரும்.

1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதையும் சொன்னேன். ஆனால் சட்டத்தைவிட, விடை எழுத முடியாத அந்த மூன்று கேள்விகள்தான் அவனிடம் வேலை செய்தன என்று நினைக்கிறேன். அவற்றை அவன் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். "வீட்ல காட்டணும் மிஸ்" என்றான்.

ஆசிரியர் கவனத்திற்கு

இந்தப் பாடத்தை எடுக்கத் தயக்கம் இருக்கலாம். எனக்கும் இருந்தது. நான் வைத்துக்கொண்ட வரம்புகள் இவை. பொம்மைத் துப்பாக்கியைக்கூட வகுப்புக்குள் கொண்டுவரவில்லை. குண்டு உடலில் என்ன செய்யும் என்ற பேச்சுக்குப் போகவில்லை. துப்பாக்கியின் உந்தம், ஆற்றல் என்பதோடு நின்றோம். எடுத்துக்காட்டுகளை விளையாட்டிலிருந்து எடுத்தேன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் தங்கம் வென்ற ஜஸ்பால் ராணா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வென்ற விஜய் குமார், நம் கடலூரில் பிறந்து ஏர் ரைஃபிளில் உலக அளவில் உயர்ந்த இளவேனில் வாலறிவன் என்று பேச ஆட்கள் இருக்கிறார்கள். மனு பாக்கரின் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாதான் என்பது மாணவர்களுக்குப் பிடித்த செய்தி.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த வினாக்கள்:

1. 9 மி.மீ. பிஸ்டலின் நிறை 0.9 கி.கி. இலிருந்து 0.6 கி.கி. ஆகக் குறைந்தால் பின்னியக்கத் திசைவேகமும் ஆற்றலும் எத்தனை மடங்காகும்?

2. ஏர் பிஸ்டல் இலக்கின் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. உதைப்பு இவ்வளவு குறைவாக இருந்தும் இந்தப் போட்டி கடினமாக இருப்பது ஏன்?

3. திப்பு சுல்தானின் படை இரும்புக் குழல் ராக்கெட்டுகளைப் பயன்படுத்தியது. 1792 வரை நம் பாராமகால் பகுதியும் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. ராக்கெட்டை 'தொடர்ந்து பின்னே உதைத்துக்கொண்டிருக்கும் துப்பாக்கி' எனலாமா? காரணம் தருக.

4. என்.சி.சி.யில் பயன்படும் .22 ரைஃபிளின் நிறை ஏறத்தாழ 3 கி.கி., குண்டு 2.6 கிராம், திசைவேகம் 330 மீ/வி என்று கொண்டு, பின்னியக்கத் திசைவேகத்தையும் ஆற்றலையும் கண்டு, உப்புப் பாக்கெட் உயரமாக மாற்றுக.

நான்காம் வினா யாருக்காக என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். விடை 0.29 மீ/வி, 0.12 ஜூல், ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். அந்த மாணவி உப்புப் பாக்கெட்டை அந்த உயரத்துக்குத் தூக்கித் தன் தோளிலேயே போட்டுப் பார்த்தாள். "இதுக்கா மிஸ்?" என்றாள்.

அடுத்த முகாமுக்கு அவள் போனாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி ஐந்து தோட்டாக்களையும் சுட்டாள் என்று என்.சி.சி. ஆசிரியர் சொன்னார். முகாம் முடிந்த திங்கட்கிழமை தன் இலக்குத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நான்கு துளைகள் அருகருகே. ஒன்று மட்டும் தள்ளிக் கீழே. அதைச் சுட்டிக்காட்டி, "இது மொத ரவுண்டு மிஸ். உதைக்கும்னு நெனச்சுட்டேன்" என்றாள். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் 0.29 என்று எழுதியிருந்தது.